22 மாதக் குதிரைமேல் மகள் ஏறலாமா?

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"எங்களிடம் ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. எடை 450 கிலோ. அது முதலில் ஈன்ற ஆண் குட்டிக்கு இப்போது 22 மாதம், 385 கிலோ. எங்கள் கையிலேயே பிறந்து வளர்ந்தவன், ரொம்ப சாது. என் மகளுக்கு 14 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சிப் பள்ளியில் குதிரையேற்றம் கற்கிறாள். இவன்மேல் எப்போது ஏறலாம் என்று தினமும் கேட்கிறாள். அவள் எடை 48 கிலோதான். குதிரை பழக்குபவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் நூல் பிடித்து அளந்துவிட்டு, 'இவன் இனி ஓர் அங்குலம்தான் உயருவான், வளர்ச்சி முடிந்த மாதிரிதான், சேணம் போடலாம்' என்றார். கடிவாளம் போட்டபோது தலையை உதறிக்கொண்டே இருந்தான். என் மாமனாரோ ஐந்து வயது ஆகும்வரை தொடவே கூடாது, சும்மா மேய விட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கிறது, விலாவும் ஒட்டியிருக்கிறது. அதனால் இரண்டு மாதமாகத் தானியத்தையும் தவிட்டையும் கூட்டிவிட்டோம். இப்போது இரண்டு முன்னங்கால்களிலும் முழங்காலுக்கு மேலே லேசான வீக்கம். எங்கேயாவது இடித்துக்கொண்டானா? காயடித்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்றார்கள், அதனால் செய்யவில்லை. தாய், இவன், ஏழு வாரத்துக்கு முன் பிறந்த தங்கை, மூன்றும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. தங்கைக்கு வலது முன்னங்கால் கணுவிலிருந்து கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. வளர வளர நேராகிவிடும் என்கிறார்கள்."

அன்புள்ள வாசகருக்கு,

எடை, வயது எல்லாம் குறித்து வைத்து எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் பதில் சொல்லும் மருத்துவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மகள் ஏறலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஐந்து வயது வரை தொடாமல் விடுவதும் வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள் அதைவிட அவசரமானவை. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

சின்னக் குட்டியின் கால்: இந்த வாரமே காட்டுங்கள்

குட்டிகள் சற்றே கோணல் காலோடு பிறப்பது சகஜம். முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி கொஞ்சம் வெளிப்பக்கமாக விலகியிருப்பதைப் பிறந்த குட்டிகள் பலவற்றில் பார்க்கலாம். தசையும் தசைநாரும் வலுவாக ஆக, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். "வளர வளர நேராகிவிடும்" என்று சொன்னவர்கள் அதைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். உங்கள் குட்டிக்கோ கோணல் இருப்பது கணுவில், அதாவது குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டில். இடம் மாறும்போது கணக்கும் மாறிவிடுகிறது.

எலும்பு நீள்வது அதன் முனைக்குப் பக்கத்தில் உள்ள வளர்ச்சித் தட்டில்தான். அது குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு. வளர்ச்சி முடிந்ததும் அது முழு எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். கோணலான எலும்பு நேராக வேண்டுமென்றால் அந்தத் தட்டில் வளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே உள்ள தட்டு இரண்டு வயது வரை திறந்திருப்பதால் அங்கே திருத்த அவகாசம் அதிகம். கணுவுக்கு மேலே உள்ளது தன் வேலையில் பெரும்பகுதியை முதல் மூன்று மாதத்திலேயே முடித்துவிடுகிறது. ஏழு வாரம் ஆகிவிட்டது என்றால், உங்களுக்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான்.

குட்டியைச் சமதரையில் நிறுத்தி, அதன் குளம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசைக்கு நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். முழங்காலின் நடுவிலிருந்து கணு வரை ஒரு கோடு, கணுவிலிருந்து குளம்பு வரை இன்னொரு கோடு என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வராமல் கணுவில் உடைகிறதென்றால் உண்மையான கோணல். முழுக்காலும் தோளிலிருந்தே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் அது வேறு சங்கதி. நெஞ்சு அகன்று வரும்போது அதில் பெரும்பகுதி சரியாகும். இதைப் பிரித்துச் சொல்லக் கால்நடை மருத்துவருக்கு ஓர் எக்ஸ்ரே தேவைப்படலாம். லேசான கோணல் என்றால் குளம்பைச் சரியாகச் சீவி, ஒரு பக்கம் மட்டும் நீட்டிய பட்டை ஒட்டி, ஓட்டத்தையும் குறைத்தாலே பலன் கிடைக்கும். அதிகம் என்றால் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. இரண்டுமே வளர்ச்சி மிச்சம் இருக்கும்போது செய்தால்தான் வேலை செய்யும். லாடம் அடிப்பவரை மட்டும் கூப்பிட்டு ஒரேயடியாகச் சீவச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவரும் அவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

தாயும் மகனும் ஒரே வேலிக்குள்

ஆண் குட்டி உங்கள் கண்ணுக்கு இன்னும் குழந்தை. பிறந்ததிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உடம்பு அப்படி நினைக்காது. ஆண் குதிரைகள் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இனப்பெருக்கத் திறன் பெற்றுவிடும். சில, அதற்கும் கொஞ்சம் முன்பே. பெட்டைகளும் ஏறக்குறைய அதே வயதில் பருவத்துக்கு வரும். இன்னொரு பக்கம், ஈன்ற பெட்டை 7 முதல் 12 நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஏழு வாரம் ஆகிவிட்ட நிலையில் உங்கள் குதிரைக்கு இரண்டு முறையாவது அந்த நாட்கள் வந்து போயிருக்கலாம். மகன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

அவன் தாயின்மேல் தாவுவதை நீங்கள் பார்க்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சின்னக் குட்டியைப் பார்க்க மருத்துவர் வரும்போதே தாய்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். இணை சேர்ந்து 14, 15 நாளானாலே கரு தெரியும். தாய்க்கும் மகனுக்கும் பிறக்கும் குட்டியில் பரம்பரைக் குறைகள் வெளிப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் கருவை வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். 35 நாளுக்கு முன் என்றால் ஊசியிலேயே எளிதாக முடியும். அதைத் தாண்டினால் சிகிச்சை சிக்கலாகும். அதனால்தான் இதிலும் அவசரப்படுத்துகிறேன்.

இன்றே அவனைப் பிரித்து வையுங்கள். ஆனால் தனி அறையில் அடைத்துவிடாதீர்கள். கூட்டமாக வாழும் பிராணியைத் தனியே பூட்டினால் மரத்தைக் கடிப்பது, நின்ற இடத்திலேயே ஆடுவது போன்ற பழக்கங்கள் தொற்றிக்கொள்ளும், அப்புறம் அவற்றை விடுவிப்பது கடினம். காயடித்த வயதான குதிரை ஒன்று துணைக்குக் கிடைத்தால் நல்லது. இளம் ஆண் குதிரைகள் மரியாதை கற்றுக்கொள்வது அப்படிப்பட்ட பெரியவர்களிடம்தான்.

காயடித்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்வதில் ஆண் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. சீக்கிரம் காயடித்த குதிரையில் தட்டுகள் சற்றுத் தாமதமாக மூடும், அது இம்மியளவு கூடுதலாகவே உயரும். தடித்த கழுத்தும் கன்னமும் வராமல் போகலாம், அவ்வளவுதான். இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளும் திட்டம் உங்களுக்கு இல்லை. 14 வயதுப் பெண் பழகப்போகும் குதிரை வேறு. எனவே இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு, காயடித்துவிடுங்கள் என்றே சொல்வேன். அதன் பிறகும் ஆறு வாரமாவது தாயிடம் விடாதீர்கள். முன்பே சேர்ந்திருந்த விந்தணுக்கள் அதுவரை மிச்சம் இருக்கலாம்.

ஓர் அங்குலம் பாக்கி, 75 கிலோ பாக்கி

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழக்குபவர் அளந்தது தவறில்லை. கணுவிலிருந்து முழங்கை வரை நூல் பிடித்து, அதே நீளத்தை முழங்கையிலிருந்து மேலே திருப்பி வைத்து இறுதி உயரத்தைச் சொல்லும் முறை பழையது, தோராயமாகத்தான் பலிக்கும். ஆனால் 22 மாதத்தில் உயரம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும் என்பது உண்மை. அதிலிருந்து அவர் போட்ட அடுத்த கணக்கில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

குதிரையின் வளர்ச்சி கீழிருந்து மேலே போகிறது. பதினோரு மாதம் வயிற்றில் இருந்து வெளியே வரும் குட்டி, ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், சில மணி நேரத்தில் தாயோடு ஓடவும் வேண்டும். திறந்தவெளியில் வேட்டையாடப்படும் பிராணிக்கு வேறு வழியில்லை. அதனால் கால்தான் முதலில் தயாராகிறது. பிறக்கும்போது குட்டியின் எடை தாயின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். உயரமோ முழு உயரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு அப்போதே பெரிய குதிரையின் நீளத்தை நெருங்கிவிட்டிருக்கும். உங்கள் சின்னக் குட்டி புல்லைக் கடிக்கும்போது கவனியுங்கள். முன்னங்கால்களை அகட்டி, ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்கினால்தான் வாய் தரையைத் தொடும். கழுத்து இன்னும் அந்தக் காலின் நீளத்துக்கு வளர்ந்து சேரவில்லை.

ஆறு மாதத்தில் உயரம் 80 சதவீதத்தைத் தாண்டும், எடையோ பாதியைக்கூட எட்டியிருக்காது. ஒரு வயதில் உயரம் சுமார் 90, எடை சுமார் 65 சதவீதம். இரண்டு வயதில் உயரம் 97, 98 சதவீதம், எடை 85 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தாயின் அளவை வைத்துப் பார்த்தால் உங்கள் குதிரை 460 கிலோ அளவுக்கு வரலாம். பழக்குபவர் சொன்ன ஓர் அங்குலம் பாக்கி என்பது சரி. கூடவே 75 கிலோவும் பாக்கி. அந்த 75 கிலோ எங்கே சேரப் போகிறது? நெஞ்சு அகலும், முதுகு நீண்டு தசை பிடிக்கும், எலும்பு தடிக்கும். அதாவது மகள் உட்காரப் போகும் இடமும் அதைத் தாங்கும் பகுதிகளும்தான் இனிமேல் வளரப் போகின்றன.

வளர்ச்சித் தட்டுகள் மூடும் வரிசையும் இதையேதான் சொல்கிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பு பிறக்கும்போதே முடிந்த நிலையில் இருக்கும். அதற்கு மேலே உள்ள சிறிய எலும்புகளும் கணுவும் ஒரு வயதை ஒட்டி முடியும். முழங்காலுக்கு மேல்தட்டு இரண்டு, இரண்டரை வயதில். தோள், தொடை எலும்புகள் மூன்று, மூன்றரை வயதில். முதுகெலும்பின் கணுக்களில் உள்ள தட்டுகள் எல்லாவற்றுக்கும் கடைசி. ஐந்து வயதுக்கு மேலும் இழுக்கும், உயரமான பெரிய குதிரைகளில் இன்னும் தாமதமாகும். கீழ்த்தளம் கெட்டிப்பட்டுவிட்டது என்பதற்காக, கான்கிரீட் காயாத மேல்தளத்தில் யாரும் பாரம் ஏற்றமாட்டார்கள்.

பின்பக்கம் தூக்கலாக இருப்பதைக் குறை என்று நினைக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் வளராது. சில மாதம் பிட்டம் முந்தும், பிறகு தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் உள்ள மேடு) எட்டிப் பிடிக்கும், மறுபடி பிட்டம் முந்தும். இந்தச் சமயத்தில் நடை கொஞ்சம் ஒழுங்கற்றுப் போகும், தடுமாறும், நேற்று சுலபமாகச் செய்ததை இன்று செய்யத் திணறும். மாதம் ஒருமுறை ஒரே சமதரையில் நிறுத்தி, தோள்மேட்டையும் பிட்டத்தையும் அளந்து எழுதி வாருங்கள். அந்த வேலையை மகளிடமே கொடுங்கள். இரண்டு அளவும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது ஒரு கட்டம் முடிந்தது என்று தெரியும்.

வீங்கிய முழங்காலும் கூட்டிய தானியமும்

இடித்துக்கொண்ட வீக்கம் இரண்டு காலிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வராது. முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நீரில்லாமல் கெட்டியாக, விளிம்பு தடித்த மாதிரி இருந்து, லேசாகச் சூடும் இருந்தால் வளர்ச்சித் தட்டு அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அந்த இடத்தில் இது வரக்கூடும். வேகமாக எடை கூடும் குட்டிகளிலும், தாது உப்புகள் சமன் இல்லாத தீவனம் தின்பவற்றிலும், கடினத் தரையில் அதிகம் ஓடுபவற்றிலும் பார்க்கிறோம். நீங்கள் தீவனத்தைக் கூட்டிய இரண்டு மாதத்துக்குள் வந்திருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

தவறு உங்கள் அக்கறையில் இல்லை. விலா ஒட்டினால் தீவனம் கூட்டுவது யாருக்கும் தோன்றுவதுதான். வளரும் குதிரைக்கு விலா லேசாகத் தெரியலாம், அல்லது தடவினால் உடனே தட்டுப்படலாம், இரண்டுமே ஆரோக்கியம்தான். கொழுகொழு என்று இருப்பதுதான் ஆபத்து. அதிக மாவுச்சத்து வளர்ச்சியை முடுக்கிவிடும், எலும்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாது. மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் பிசிறு விடுவது, தசைநார் இழுத்துக் கால் நிமிர்ந்து போவது போன்ற கோளாறுகளும் இதே குடும்பம்தான்.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். வளரும் குதிரையின் மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை, இரண்டு மடங்கு இருப்பது நல்லது; எந்த நிலையிலும் குறைவாக இருக்கவே கூடாது. குறைந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். நீண்ட நாள் இப்படியே போனால் தாடை எலும்பு மென்மையாகி முகம் ஊதிவிடும். கொடுப்பதோ சத்தென்று நினைத்து, கரைவதோ எலும்பு.

தவிட்டையும் தானியத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், குடல் தாங்காது. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழைய அளவுக்கு வாருங்கள். நல்ல புல்லும் வைக்கோலாகக் காய்ந்து கெடாத உலர்புல்லும்தான் அடிப்படை. பயறு வகைத் தீவனப்புல் இருந்தால் கால்சியமும் புரதமும் சேரும். அதோடு வளரும் குதிரைக்கான தாது உப்புக் கலவை. அதில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். குருத்தெலும்பு எலும்பாக மாற இரண்டும் தேவை. குடற்புழு இருக்கிறதா என்று சாணப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், விலா ஒட்டியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மருத்துவர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அழற்சி இருக்கிறதா, தட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நொண்டினால் நாள் தள்ளாமல் காட்டுங்கள்.

சரி, எப்போது ஏறலாம்?

48 கிலோ மகள், ஒன்பது கிலோ சேணம் என்று வைத்தால் மொத்தம் 57. 385 கிலோ குதிரைக்கு அது 15 சதவீதம். குதிரையின் எடையில் 20 சதவீதம் வரை ஏற்றலாம் என்ற பொதுக்கணக்கை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கலாம். அது வளர்ந்து, பழகி, தசை பிடித்த குதிரைக்கான உச்சவரம்பு. 22 மாதக் குதிரைக்கு, அதுவும் முழங்கால் வீங்கியிருப்பவனுக்கு, அந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

பந்தயக் குதிரைகள் இரண்டு வயதில் ஓடுகின்றனவே என்று பழக்குபவர் கேட்கலாம். ஓடுகின்றன, உண்மைதான். எடை குறைந்த, தேர்ந்த வீரர்கள் குறைந்த நேரமே ஏறுகிறார்கள். அப்படியும் அந்த வயதுக் குதிரைகளுக்கு முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் வலி வருவது மிகச் சாதாரணம். அதை அளவுகோலாக வைத்து உங்கள் வீட்டுக் குதிரையைப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாமனார் சொல்வதில் அன்பு இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் எலும்பும் தசைநாரும் உழைப்பு கிடைத்தால்தான் உறுதியாகும். திறந்த வெளியில் தினமும் ஓடித் திரிந்து வளரும் குட்டியின் எலும்பு, கொட்டிலில் நின்றே வளர்ந்த குட்டியின் எலும்பைவிடக் கெட்டியாக இருக்கும். மனதுக்கும் இதே விதிதான். ஐந்து வயது வரை யாரும் கால் தூக்கிப் பார்க்காத, கயிறு பிடித்து நடத்தாத 460 கிலோ குதிரையிடம் முதல் பாடம் சொல்லப் போகிறவர் அடிபடுவார்.

நான் வைக்கும் திட்டம் இது. முழங்கால் சரியாகும் வரை ஓய்வு, மென்தரையில் மெதுவான நடை மட்டும். அதன் பிறகு மூன்று வயது நெருங்கும் வரை தரையிலிருந்தபடியே எல்லாம் கற்கட்டும்: கயிற்றில் அமைதியாக நடப்பது, நிற்பது, பின்வாங்குவது, நான்கு காலையும் கொடுப்பது, புதிய பாதை, சத்தம், தண்ணீர் தாண்டுவது. நீண்ட கயிற்றில் கட்டிச் சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட விடாதீர்கள். வளரும் மூட்டில் ஒரு பக்கமாகவே பாரம் விழும். மூன்று வயதில் பாரமில்லாத சேணத்தைப் பழக்கலாம். மூன்று, மூன்றரையில் அனுபவமுள்ள, எடை குறைந்த ஒருவர் வாரத்தில் சில நாள், 15 அல்லது 20 நிமிடம், நேர்க்கோட்டில் நடையாக மட்டும் ஏறட்டும். சில வாரம் அப்படிச் செய்துவிட்டு இரண்டு, மூன்று மாதம் விட்டுவிடுங்கள். நான்கு வயதில் கொஞ்சம் கூட்டலாம். தாண்டுவது, நீண்ட தூரம் போவது எல்லாம் ஐந்துக்குப் பிறகு. இதில் எந்தக் கட்டத்திலும் முதுகைக் குழித்துக்கொண்டு தலையைத் தூக்குவது, வாலை விசிறுவது, சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னுக்கு மடிப்பது தெரிந்தால், அடம் என்று நினைக்காமல் முதுகில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிவாளத்துக்குத் தலையை உதறியதும் அப்படித்தான். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், ஐந்து, ஆறு மாதத்திலேயே முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல் என்று ஒன்று உண்டு. கடிவாள இரும்பு சரியாக அங்கே போய் இடிக்கும். வாயைப் பார்க்காமல் கடிவாளம் போட்டது அவசரம். தேவைப்பட்டால் அந்தப் பல்லை மருத்துவர் எடுத்துவிடுவார். இன்னும் சில மாதத்தில் பால் பற்கள் விழ ஆரம்பிக்கும். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில், அடுத்தது மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில் மாறும். கடைவாயிலும் பால் பற்கள் விழும். அப்போது தீவனத்தைச் சிந்துவான், கீழ்த்தாடையில் சின்னப் புடைப்புகள் தெரியும். புடைப்புக்கு மேலே வலியோ சீழோ இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, நிரந்தரப் பல்லின் வேர் இறங்கும் இடம் அது. ஐந்து வயதில் வாய் முழுமையாகும். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை நல்லது.

மகளைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் இரண்டு ஆண்டு கற்றது பழகிய குதிரைகள்மேல். இவன் எவ்வளவு சாதுவானாலும், முதுகில் ஒரு ஆள் இருப்பது என்றால் என்னவென்றே தெரியாதவன். கற்றுக்கொண்டிருப்பவரும் கற்றுக்கொண்டிருக்கும் குதிரையும் சேர்ந்தால், ஒருவர் பயந்தாலும் இருவருக்கும் அடிபடும். அதற்குப் பதில் அவளுக்கு இப்போதே கையில் ஒரு குதிரை இருக்கிறதே: தாய்க் குதிரை. அது ஏற்கெனவே பழகியதுதான் என்றால், சின்னக் குட்டியைப் பால் மறக்கடித்த பிறகு, அதாவது குட்டிக்கு ஐந்து, ஆறு மாதம் ஆனதும், மெதுவாக உடம்பைத் தேற்றி மகள் அதன்மேல் பழகலாம். இவனோ தரைப்பாடங்களுக்கு அவளுடையவனாக இருக்கட்டும். தினமும் கூட்டி நடப்பவள், கால் தூக்கிப் பார்ப்பவள், உயரம் அளந்து எழுதுபவள் அவளே என்றால், இவன் முழுதாக வளரும்போது அவளுக்கு 17 வயது ஆகியிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இவன் அளவுக்குச் சேணம் வாங்கித் தரச் சொல்லி மகள் கேட்டால் இப்போது வாங்காதீர்கள். தோள்மேடு எழும்பி, முதுகில் தசை பிடித்து, நெஞ்சு அகன்று இவன் வடிவம் இன்னும் பலமுறை மாறும். மூன்று வயதில் சரியாக உட்கார்ந்த சேணம் நான்கு வயதில் தோளை அழுத்தும். அகலம் மாற்றக்கூடிய சேணமாக இரவல் வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருத்தம் பார்த்துக்கொள்வதே ஆறு வயது வரை போதும்.